போராட்டம் முடியட்டும்

2018 பெப்ரவரி 22 அன்று, பிரித்தானியப் பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் நாங்கள் ஓய்வூதியத்துக்காக வேலைநிறுத்தம் தொடங்கினோம். மார்ச் 12 மாலை, எங்கள் சங்கமான யூசியூ, பல்கலைக்கழகங்களின் தரப்போடு கண்ட உடன்பாட்டை அறிவித்தது. மறுநாளே கிளைகள் கூடி அதை நிராகரித்தன. லண்டன் தலைமையகத்தின் முன் உறுப்பினர்கள் திரண்டார்கள். உடன்பாடு கைவிடப்பட்டது.

எங்கள் கிளைக் கூட்டத்தில் மூத்த பேராசிரியர் ஒருவர், "இப்போது தலைமையை எதிர்த்தால் லாபம் நிர்வாகத்துக்குத்தான்" என்றார். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்கு அந்த வாதம் பழக்கமானது. முதலில் போராட்டம், கேள்வியெல்லாம் பிறகு. அந்தப் 'பிறகு' எங்கள் ஊரில் வரவேயில்லை. கேட்டவர்களுக்குத் துரோகி என்ற பெயர்தான் கிடைத்தது. உடன்பாடு வேண்டாமென்று கையை உயர்த்தினேன். அடுத்த நாள் வாசலில் மறியலுக்கு நின்றபோது, அதே பேராசிரியர் எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தார்.

ஏப்ரலில், இருதரப்பு நிபுணர் குழு என்ற புதிய யோசனையை வாக்களித்தவர்களில் 64 வீதத்தினர் ஏற்றார்கள். நான் எதிர்த்தவள், தோற்றேன். மே மாத இறுதியில் மான்செஸ்டரில் நடந்த மாநாட்டில் பொதுச்செயலாளருக்கு எதிரான தீர்மானங்கள் வந்ததும் சங்க ஊழியர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். மாநாடு பாதியில் முடிந்தது. வெட்கக்கேடு என்றார்கள் நண்பர்கள். தலைமையை எதிர்த்தும், வாக்கில் தோற்றும், சங்கத்துக்குள்ளேயே இருக்க முடிவது எனக்குப் பெரிய விடயம். இன்றும் சந்தா கட்டுகிறேன்.