குன்னத்துகாலிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள செல்வம்,

காரக்கோணத்திலிருந்து வெள்ளறடைப் பக்கம் போனால் கேரளம் எங்கே முடிகிறது, குமரி மாவட்டம் எங்கே தொடங்குகிறது என்று கடைப் பலகையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இரு பக்கமும் ரப்பர், மரச்சீனி, வாழை. காட்டுப்பன்னிக்குப் பலகையும் தேவையில்லை. ரப்பருக்கு அடியில் வெட்டாமல் விட்ட புதர் போதும், அங்கேயே தங்கிக் குட்டி போட்டுவிடும். ராத்திரியில் கிழங்கைத் தோண்டித் தின்னும். 2022 மே மாதம் கேரள அரசு, பன்னியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களிடமே கொடுத்தது. காட்டு விலங்கு பஞ்சாயத்து ஆபீஸ் விவகாரமாகிவிட்டது!

வடகிழக்கே தெரியும் அகத்தியமலையில் பன்னிக்கு நேர் எதிராக ஒரு செடி இருக்கிறது: ஆரோக்கியப்பச்சை. ஓடைக்கரை நிழலை விட்டு அசையாது. முழங்கால் உயரம்கூட வராது. 1987-இல் அங்கே போன ஆய்வாளர்களுக்கு வழிகாட்டிய காணிப் பழங்குடியினர், மலையேற்றத்தில் சளைக்காமல் ஒரு பழத்தை மென்றுகொண்டே நடந்தார்கள். என்ன பழம் என்று கேட்டதற்கு முதலில் சொல்லவில்லை. அப்புறம் சொன்னார்கள்: ஆரோக்கியப்பச்சையின் பழம். அந்தச் செடியிலிருந்து பாலோட்டில் உள்ள தாவரவியல் ஆராய்ச்சி நிலையம் 'ஜீவனி' என்ற மருந்தைச் செய்தது. 1995-இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு உரிமம் கொடுத்தார்கள்: 10 லட்ச ரூபாயும், விற்பனையில் 2 சதவீதமும். அதில் பாதி காணிகளுக்கு. உலகமே இதை முன்மாதிரி என்று புகழ்ந்தது. காணிகளிலேயே ஒரு சாரார், எங்கள் ரகசியத்தைச் சிலர் விற்றுவிட்டார்கள் என்று வருத்தப்பட்டார்கள். அந்த வருத்தம் எனக்கு நியாயமாகவே படுகிறது.

பிறகுதான் சிக்கல். மருந்துக்கு இலை வேண்டும். காணிக் குடும்பங்கள் பயிரிட்டன. பயிர் என்ற பெயரில் காட்டுச் செடியையே பிடுங்கிவிடுவார்கள் என்று வனத்துறை தடுத்தது. பன்னி காட்டை விட்டு வெளியே வருவது தொல்லை. இந்தச் செடியை வெளியே கொண்டுவருவது தொல்லை. பன்னிக்கு நம் தோட்டமே போதும், செடிக்கோ காட்டு நிழல்தான் வேண்டும். எது அதிகம் காட்டுக்குரியது என்று கேட்டால், நான் செடியைத்தான் சொல்வேன். ஆனால் சண்டையெல்லாம் பன்னியைப் பற்றித்தான் நடக்கிறது.

அடுத்து அந்த மலையடிவாரத்துக் கோட்டூர் பக்கம் போகலாம் என்றிருக்கிறேன். காட்டாக்கடையிலிருந்து பஸ் உண்டு. நீயும் வருவதாக இருந்தால் சட்டென்று சொல். அட்டை ஏறும், உப்பு எடுத்துக்கொண்டு வா.

அன்புடன்,
உன் நண்பன்