நாலு செப்புச் சதுரங்கள்

கொழும்புத்துறை இறங்குதுறையில் வெயில் சரியத் தொடங்கிவிட்டது. காலையில் போன வள்ளங்கள் கரையேறிக் கிடக்கின்றன. ஒருவர் வலையில் சிக்கிய பாசியைக் குந்தியிருந்து பிடுங்குகிறார். கடலேரி இங்கே ஆழமில்லாதது. கண்ணுக்கெட்டிய வரை மீன்பிடிக் களங்கட்டித் தடிகள் தண்ணீருக்கு மேலே தலைநீட்டி நிற்கின்றன. தெற்கே, நீருக்கு அப்பால், பூநகரிக் கரை மெல்லிய கோடாகத் தெரிகிறது.

சீமெந்துக் கட்டின் நுனியில் ஒரு பெண்பிள்ளை முக்காலியை விரிக்கிறாள். வயது இருபத்தாறு, இருபத்தேழு இருக்கும். முக்காலியின் தலையில் ஒரு பச்சைப் பலகை. பள்ளிக்கூட அடிமட்டத்தைவிடக் கொஞ்சம் அகலமானது. அதன் முகத்தில் நாலு செப்புச் சதுரங்கள் ஒரே வரிசையில். ஒவ்வொன்றும் ஏறக்குறைய மூன்று சென்ரிமீற்றர். பின்பக்கத்திலிருந்து நாலு கறுப்புக் கம்பிகள் இறங்கி ஒரு சிறு பெட்டிக்குள் போகின்றன. பெட்டியிலிருந்து ஒரு வயர் மடியிலிருக்கும் லப்ரொப்புக்கு.

அவளோடு வந்த பொடியன் கையில் அலை அனுப்பும் இன்னொரு சிறு பெட்டியும் நிலத்தில் கோடு கீறச் சுண்ணாம்புக் கட்டியும். அவன் கரையோரமாக அரைவட்டம் கீறி, பாகைக் கணக்கில் புள்ளி வைக்கிறான். ஒவ்வொரு புள்ளியிலும் நின்று பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கிறான்.

“அக்கா, முப்பதில நிக்கிறன்.”

“அசையாமல் நில்லு தம்பி. வருது… இருபத்தொன்பது எண்டு காட்டுது.”

நான் சற்றுத் தள்ளி, கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் நிழலில் இருந்து பார்க்கிறேன். அவர்களின் பேச்சிலிருந்து விளங்குகிறது: இது பட்டப்பின்படிப்பு ஆய்வு. ஓர் அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை நாலு அன்ரெனாக்கள் கூடிச் சொல்ல வேண்டும். தனியொரு அன்ரெனாவால் அது முடியாது. அலை வந்தது என்று மட்டுந்தான் அது அறியும். எங்கிருந்து என்று அறியாது.

வலை துப்புரவாக்கிக்கொண்டிருந்த முதியவர் எழும்பிக் கிட்ட வருகிறார். சாரத்தை மடித்துக் கட்டியிருக்கிறார். கைகளை இடுப்பில் ஊன்றிச் சிறிது நேரம் பேசாமல் பலகையைப் பார்க்கிறார்.

“உது என்ன பிள்ளை, ரி.வி. அன்ரெனாவோ?”

“இல்லை ஐயா. அங்க நிக்கிற தம்பியின்ர கையில இருக்கிற பெட்டி எந்தப் பக்கம் நிக்குதெண்டு இது சொல்லும்.”

“அதுதான் கண்ணால பாத்தாலே தெரியுதே.”

“இருட்டில தெரியாதுதானே ஐயா.”

அவர் தலையாட்டுகிறார். இருட்டில் கடலேரிக்குப் போகிறவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அந்த நேரம் ஓர் இயந்திரப் படகு பாசையூர்ப் பக்கம் போகிறது. அது கிளப்பிய அலை சரிவாகக் கரைக்கு வருகிறது. “ஐயா, அந்தத் தடியளைப் பாருங்கோ” என்கிறாள் பெண். அலை முதலில் கிழக்குத் தடியைத் தொடுகிறது, பிறகு அடுத்ததை, அதன் பிறகு அடுத்ததை. படகு நேர் எதிரே இருந்து அலை நேராக வந்திருந்தால் எல்லாத் தடிகளையும் ஒரே நேரத்தில் தொட்டிருக்கும். எவ்வளவு சரிவோ அவ்வளவு தாமதம். தடிகளுக்கிடையே உள்ள தூரமும் தாமதமும் தெரிந்தால் திசை கணக்கில் வந்துவிடும். வானொலி அலைக்கும் இதே கணக்குத்தான்.

ஆனால் அளவு வேறு. வைஃபை ஓடும் 2.4 கிகாஹேட்ஸ் அலையின் நீளம் பன்னிரண்டரை சென்ரிமீற்றர். ஆகவே சதுரங்களின் நடுப்புள்ளிகள் அதில் பாதி, ஆறேகால் சென்ரிமீற்றர், இடைவெளியில் நிற்கின்றன. இடைவெளி அதற்கு மேல் கூடினால் இரண்டு வெவ்வேறு திசைகள் ஒரே மாதிரித் தெரியத் தொடங்கும். மிகவும் குறைத்தால் அன்ரெனாக்கள் ஒன்றையொன்று குழப்பும். அலை நேர் எதிரிலிருந்து 30 பாகை விலகி வந்தால், ஒரு சதுரத்துக்கும் அடுத்ததுக்கும் இடையே அது கூடுதலாக ஓடும் தூரம் மூன்று சென்ரிமீற்றருக்குச் சற்று மேல். அந்தத் தூரத்தைக் கடக்க எடுக்கும் நேரம், ஒரு செக்கனை ஆயிரம் கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. இந்த நேரத்தை மணிக்கூடு வைத்து யாரும் அளப்பதில்லை. அலையின் அவத்தை, அதாவது ஏற்ற இறக்கச் சுற்றில் அது நிற்கும் இடம், எவ்வளவு பிந்தியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். இங்கே அது கால் அலை, 90 பாகை.

முப்பது இருபத்தொன்பதாகக் காட்டியதன் காரணம் தேடி, பெண் நாலு கம்பிகளையும் கழற்றுகிறாள். ஒன்றோடொன்று பக்கத்தில் நீட்டிவைத்து நுனிகளை விரலால் ஒப்பிட்டுப் பார்க்கிறாள். மூன்றாவது ஒரு நகத்தளவு நீளம். அவள் முகம் சுருங்குகிறது. அந்தக் கம்பிக்குள் அலை காற்றைவிட மெதுவாக ஓடும்; ஒரு சென்ரிமீற்றர் கூடினாலே அவத்தை 40 பாகைக்கு மேல் பிசகிவிடும். கொப்பியைத் திறந்து, அந்தக் கம்பிக்குக் கழிக்க வேண்டிய எண்ணைப் பென்சிலால் எழுதுகிறாள். பிறகு பெட்டியைத் திரும்ப முப்பதாவது புள்ளியில் நிறுத்தச் சொல்கிறாள். இந்தமுறை முப்பது என்றே வருகிறது. பொடியன் தூரத்திலிருந்து கையைத் தூக்கிக் காட்டுகிறான்.

பலவற்றை ஓர் ஒழுங்கில், ஓர் அணியாக, நிறுத்தி ஒன்றாய் வேலை வாங்குவது பழைய அறிவு. காள் பேர்டினன்ட் பிரவுன் 1905இலேயே மூன்று அன்ரெனாக்களின் அவத்தையை மாற்றி, வேண்டிய பக்கம் அலையைக் கூடுதலாக அனுப்பிக் காட்டினார். 1926இல் யப்பானின் செண்டாய் நகரில், தொஹோகு பல்கலைக்கழகத்தில், ஷின்ராரோ உடா என்ற இளம் ஆய்வாளர் தன் பேராசிரியர் ஹிடெட்சுகு யாகியோடு சேர்ந்து ஒரு தடியில் பல குறுக்குக் கம்பிகளை வரிசையாகப் பொருத்தினார். அவற்றில் ஒன்றுக்கு மட்டுமே மின் இணைப்பு. மற்றவை சும்மா நின்றபடியே அலையை முன்னுக்குத் தள்ளிவிடுகின்றன. உழைப்பின் பெரும்பங்கு உடாவினது. உலகம் யாகியின் பெயரைத்தான் பிடித்துக்கொண்டது.

அந்த யாகி அன்ரெனா யாழ்ப்பாணத்துக்கு வந்த கதை இங்குள்ள முதியவர்களுக்குத் தெரியும். ரூபவாகினித் தொலைக்காட்சி 1982இல் தொடங்கியது. எண்பதுகளில் வீட்டுக்கு வீடு உயரமான பைப்பில் யாகி ஏறியது, ரூபவாகினியையும் இந்தியத் தூரதர்ஷனையும் பிடிப்பதற்காக. ஒருவர் முற்றத்தில் பைப்பைத் திருப்புவார். இன்னொருவர் உள்ளேயிருந்து “வருது, வருது, விடு” என்று கத்துவார். திசை என்பது அன்ரெனாவில் எவ்வளவு பெரிய விசயம் என்று குடாநாடு அப்படித்தான் கைப்பழக்கமாகப் படித்தது. போர் நடந்த தொண்ணூறுகளில் மின்சாரமும் இல்லை. பற்றரி கொண்டுவரத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் செய்தி கேட்ட சனம் இது. இலத்திரனியல் இந்த ஊருக்கு அந்நியமான படிப்பு அல்ல.

பாக்கு நீரிணைக்கு அப்பாலும் இந்த அறிவு பெரிய அளவில் நிற்கிறது. உதகமண்டலத்துக்கு அருகே முத்தோரையில் 1970இல் எழுந்த வானொலித் தொலைநோக்கி 530 மீற்றர் நீளம், 30 மீற்றர் அகலம். அதன் நடுக்கோட்டில் 1056 சிறு அன்ரெனாக்கள் வரிசையாக இருக்கின்றன. கோவிந்த் ஸ்வரூப் தன் இளம் பொறியியலாளர்களோடு, ஏறக்குறைய 11 பாகை சரிந்த ஒரு மலைச்சரிவைத் தேடி எடுத்து அங்கே அதைக் கட்டினார். அந்த இடத்தின் அகலக்கோடும் 11 பாகைதான். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்குச் சமாந்தரமாகிவிட்டது. ஒரே ஒரு சுழற்சியால் வானத்துப் பொருளை மணிக்கணக்காகப் பின்தொடரலாம். வடக்கு, தெற்காகப் பார்வையை மாற்ற அந்த 1056 அன்ரெனாக்களின் அவத்தையை மாற்றினால் போதும். திருப்பதிக்கு அருகே கடங்கியில் 1024 யாகிகளை நிலத்தில் பரப்பி, மேலே வீசும் காற்றை அளக்கிறார்கள்.

இறங்குதுறையில் ஒரு கூலர் லொறி பின்னுக்கு வந்து நிற்கிறது. மீன் ஏற்ற வந்தது. அதன் தகரப் பக்கம் வெயிலில் பளபளக்கிறது. லப்ரொப்பில் இவ்வளவு நேரமும் ஒற்றைச் சிகரமாக நின்ற கோடு தடுமாறி இரண்டாகப் பிரிகிறது.

“அக்கா, என்ன நடந்தது?”

“லொறியில பட்டுத் திரும்பி வருது. ரெண்டு பேர் நிக்கிற மாதிரிக் காட்டுது.”

முதியவர் லொறியையும் திரையையும் மாறி மாறிப் பார்க்கிறார். “லொறியை எடுக்கச் சொல்லட்டோ பிள்ளை?”

“வேண்டாம் ஐயா, நிக்கட்டும். இதுவும் பாக்கத்தான் வேணும்.”

அந்தப் பதிலைக் கேட்டதும் எனக்குப் பொள்ளாச்சியில் 1944இல் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜின் நினைவு வந்தது. சிறு வயதிலேயே இந்தியக் கடற்படையில் சேர்ந்தவர். கடற்படை அவரை டெல்லி ஐ.ஐ.ரி.க்குப் படிக்க அனுப்பியது. பேராசிரியர் இந்திரேசனின் ஆதரவோடு 1973இல் முனைவர் பட்டம் பெற்றார். 1971 டிசெம்பரில், இந்திய-பாகிஸ்தான் போரில், ‘குக்ரி’ என்ற இந்தியக் கப்பலை நீர்மூழ்கி ஒன்று மூழ்கடித்தது. அதன் பிறகு கப்பல்களின் சோனாரைத் திருத்தும் பொறுப்பு இவரிடம் வந்தது. சோனார் என்பதும் ஓர் அணிதான்: நீருக்கடியில் பல காதுகள் ஒன்றாகக் கேட்கின்றன. 1983இல் இந்தியப் போர்க்கப்பலில் ஏறிய ‘அப்சோ’ சோனார் அவர் தலைமையில் உருவானது.

பின்னர் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் தோமஸ் கைலாத்தின் குழுவில், பல அன்ரெனாக்களால் திசை காணும் கணக்கில் வேலை செய்தார். அங்கே, அருகருகே நின்று ஒரே அலைவரிசையில் அனுப்பும் கருவிகளைப் பிரித்தறியும் சோதனையில், சுற்றுப்புறத்தில் பட்டுச் சிதறி வரும் அலைகளே பிரித்தறிய உதவுவதைக் கண்டார். அதுவரை பொறியியலாளர்கள் தெறிப்பைத் தொல்லை என்றே எண்ணி வந்தார்கள். பால்ராஜ் அதை வழியாக்கினார். அனுப்பும் பக்கத்தில் பல அன்ரெனா, வாங்கும் பக்கத்தில் பல அன்ரெனா. தெறித்து வரும் ஒவ்வொரு பாதையும் தனித்தனித் தரவை ஏற்றிச் செல்லும். 1994இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. இன்றைய வைஃபையும் 4ஜியும் 5ஜியும் அந்த அடித்தளத்தில்தான் ஓடுகின்றன. 2014இல் அவருக்கு மார்க்கோனி பரிசு வழங்கப்பட்டது.

வீதியோரத்துப் போன் ரவரில் தொங்கும் நீண்ட வெள்ளைப் பெட்டிகளுக்குள்ளும் சிறு அன்ரெனாக்கள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. அவை தனித்தனியாக இருந்திருந்தால் சக்தியில் ஒரு பங்கு ஆகாயத்துக்குப் போய் வீணாகும். வரிசையில் நிற்பதால் அலை தட்டையாகப் பரவி வீடுகளுக்கும் வள்ளங்களுக்கும் வருகிறது.

வேடிக்கை பார்க்க வந்த ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை போனை எடுத்து முக்காலியைப் படம் பிடிக்கிறாள். அந்தக் கமராவின் நெஞ்சிலும் அணி இருக்கிறது. ஒளியுணரும் கோடிக்கணக்கான புள்ளிகள், ஒவ்வொன்றின் தலையிலும் கண்ணுக்குத் தெரியாத சிறு வில்லை.

முதியவர் இன்னும் போகவில்லை. பலகைக்கு முன்னால் குனிந்து நாலு சதுரங்களையும் விரலால் தொடாமல் எண்ணுகிறார்.

“அப்ப பிள்ளை, எங்கட வள்ளத்தில ஒரு சின்னப் பெட்டி வச்சா, இஞ்ச இருந்து இருட்டிலயும் பாக்கலாமோ?”

“பாக்கலாம் ஐயா. நாலு காணாது, எட்டாவது வேணும். எவ்வளவு கூடுதோ அவ்வளவு கூர்மையாத் தெரியும்.”

“எட்டுப் போடுறதுக்கு என்ன செலவு?”

அவள் பதில் சொல்லத் தயங்குகிறாள். “பலகைக்குச் செலவு குறைவு ஐயா. அளக்கிற கருவிதான் விலை.”

அவள் சொன்னது உண்மை. செப்புப் பலகையை அமிலத்தில் அரித்து வீட்டிலேயே அணி செய்துவிடலாம்.  ஆனால் ஒவ்வொரு சதுரமும் எவ்வளவு அலையை உள்ளே எடுக்கிறது, எவ்வளவைத் திருப்பி எறிகிறது என்று சரியாகச் சொல்லும் கருவி பெருவிலை. எதிரொலி இல்லாமல் சுவரெல்லாம் கூம்புப் பஞ்சு ஒட்டிய சோதனை அறைக்கு அதைவிடப் பணம் வேண்டும். அந்த அறைக்குப் பதிலாக அவள் திறந்த கடலேரிக் கரையைத் தெரிந்தெடுத்திருக்கிறாள். மூன்று பக்கம் சுவர் இல்லை. நாலாவது பக்கம் லொறி வந்தபோது அதையும் பாடமாக்கிக்கொண்டாள்.

கடலேரிக்கு அப்பால், கிளிநொச்சி அறிவியல் நகரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் போருக்குப் பிறகு எழுந்தது. மின், இலத்திரனியல் படிப்பு அங்கே இருக்கிறது. வடக்கில் பிறந்த பிள்ளை பொறியியல் படிக்க வெளியூர் போய்த்தான் ஆக வேண்டும் என்ற காலம் முடிந்துவிட்டது. ஆய்வுக்காகவும் வெளியே போகாமல் இருக்க வேண்டுமென்றால், படிப்பு முடிந்த பிள்ளைகளுக்கு இங்கே கருவியும் இடமும் கிடைக்க வேண்டும்.

இன்று மாலை நான் கண்டது பெரிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. ஒரு கம்பியின் நகத்தளவு நீளத்தைப் பிழையென்று கண்டு, அதற்கான எண்ணைப் பென்சிலால் எழுதி, மறுபடி அளந்து சரிபார்த்த ஒரு பெண்பிள்ளையைக் கண்டேன். உடாவும் பால்ராஜும் செய்த வேலை இதே வகையைச் சேர்ந்தது. ஆய்வு என்பதன் உடம்பு இதுதான்.

ஆகவே வாசகருக்கு ஒரு வேண்டுகோள். நம் பழைய மாணவர் சங்கங்களும் வெளிநாட்டிலிருக்கும் உறவுகளும் பாடசாலைகளுக்கு மண்டபமும் நுழைவாயிலும் கட்டிக் கொடுக்கின்றன, நல்ல மனம்தான். அடுத்த தடவை காசு சேரும்போது, ஓர் ஆய்வுகூடத்துக்கு என்ன அளவுக்கருவி தேவை என்று அங்குள்ள ஆசிரியர்களைக் கேட்டு அதை வாங்கிக் கொடுங்கள். உங்கள் ஊர்க் கரையில் முக்காலியும் கம்பியுமாகப் பிள்ளைகள் நின்றால், என்ன செய்கிறார்கள் என்று மரியாதையாக விசாரியுங்கள்; வேலை முடியும் வரை நிற்க விடுங்கள்.