பிள்ளை சுமக்கலாகாத சுமை

தாயகத்தில் நாம் ஆசிரியப் பணி புரிந்த காலத்தில், குடும்ப அட்டை முதல் நிவாரணம் வரை எதற்கும் விதானையாரிடமே சென்றோம். அவர் எம் வீட்டையும் அறிவார். எம் மொழியையும் அறிவார். இன்று திரான்சியில் அவ்வகை உதவியை நாடி நாம் செல்வது நகரசபையின் சமூக நடவடிக்கை நிலையத்துக்கு. ஊருடன் தொடர்பிருந்தும் நிலையான வதிவிடம் இல்லாதவர் அங்கே தபால் முகவரி பெறலாம். அது ஓராண்டுக்குச் செல்லுபடியாகும். சமூக வீட்டுக்கான விண்ணப்பத்தையும் ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும். தவறின் காத்திருந்த காலம் வீணாகும். ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. எனினும் லா சப்பலில் பணம் கொடுத்துப் படிவம் நிரப்புவிப்போரும் எம்மவருள் உளர்.

வேறு சிலர் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக அழைத்துச் செல்கின்றனர். சில ஆண்டுகளுக்கு முன், 'கடன்' என்னும் சொல்லை வைத்து வாக்கியம் அமைக்குமாறு வகுப்பிற் கேட்டோம். "அப்பாவின் கடன் எவ்வளவு என்று எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது" என எழுதினாள் ஒரு சிறுமி. இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆயினும் அதற்குப் புள்ளி இட எம் கை எழவில்லை.

பெற்றோரே, சமூக சேவையாளர் தொழில் இரகசியம் காக்கச் சட்டத்தாற் கடமைப்பட்டவர். பிரெஞ்சு அறிந்த பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் சென்று, தயங்காது பேசுங்கள்.

மாணவச் செல்வங்களே, புதுப்பிக்கும் நாளை நாட்காட்டியிற் குறித்து வைத்தல் உங்கள் பணியாகட்டும். கடன் கணக்கை எடுத்துரைத்தல் பெரியோர் பணியாகட்டும்.