ஓடுவதற்கு முதல் நிற்க வேண்டும்



கடந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால், என்னுடைய சின்னச் சிவப்புக் காரைச் சுற்றிப் பெரிய கூட்டம். "இது என்ன சேர், பொம்மைக் காரா?" என்றார் ஒருவர். "எவ்வளவுக்குக் குடுப்பீங்க?" என்றார் இன்னொருவர். வெயிலுக்குள் நின்று எல்லோருக்கும் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள். இதில் என்னுடைய பிழை ஒன்றும் இருக்கிறது.

அது எம்.ஜி. மிட்ஜெட். 1962ஆம் ஆண்டுக் கார். இங்கிலாந்தில் அபிங்டன் என்ற ஊரில் செய்தது. இரண்டு ஆசனம், துணிக் கூரை. தோற்றம் பந்தயக் கார் போல இருந்தாலும் எஞ்சின் 948 சீசீதான். அந்தக் காலத்து மொரிஸ் மைனர் 1000இல் இருந்ததும் இதே குடும்பத்து எஞ்சின்தான். மைனருக்கு ஒரு காபரேட்டர், இதற்கு இரண்டு. பள்ளிவாசல் முன்னால் ஸ்டார்ட் பண்ணியதும் நம்முடைய மூத்தவர்கள் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தது அதனால்தான். அவர்களுக்குத் தெரிந்த சத்தம் அது.

பதுளைப் பக்கத்துத் தோட்டத் துரை ஒருவரின் கார் கைமாறிக் கைமாறி வந்து, கடைசியில் திருத்தக் கூலிக்குப் பதிலாக வாப்பாவின் கராஜுக்கு வந்து சேர்ந்தது. நான் பிறப்பதற்கு முந்திய கதை. யுத்த காலத்தில் பெற்றோலும் இல்லை, போவதற்குப் பாதையும் இல்லை. கார் கிடுகுக் கொட்டிலுக்குள் நின்றது. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் அந்தக் கொட்டிலுக்குள்ளும் வந்தது. ஆசனம் வரைக்கும் உப்புத் தண்ணீர்.

அந்த அலையில் எங்கள் மாமியும் போனார். வாப்பாவுக்கு ஒரே தங்கச்சி. ஜனாஸாக்களை அடக்கி முடித்து, பாடசாலையில் அகதியாக இருந்த நாட்களில், ஒரு நாள் வாப்பாவைக் காணவில்லை. தேடிப் போனால் கொட்டிலுக்குள் இருக்கிறார். எஞ்சின் ஒயிலை வடித்து, டீசல் ஊற்றிக் கழுவி, பிளக் துளைகளால் புது ஒயில் விட்டுக்கொண்டிருந்தார். வெளியைக் கழுவ நல்ல தண்ணீர் இல்லை, கிணறெல்லாம் உப்பாகிவிட்டது. "ஊரே இழவு வீடா இரிக்கக்குள்ள இவருக்குக் காரு கேக்குதா?" என்று ஆட்கள் பேசினார்கள். எனக்கு அப்போது பதினாறு வயது. எனக்கும் வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை அவருக்கு ஒரு வேலை இருந்தது. பிளக்குகளைக் கழற்றுவார், கொஞ்சம் ஒயில் விடுவார், நாலாவது கியரில் போட்டு என்னைப் பின்னாலிருந்து தள்ளச் சொல்வார். கார் நாலடி நகரும். உள்ளே பிஸ்டன்கள் ஏறி இறங்கும். "ஓடாத காரை ஏன் வாப்பா தள்ளுற?" என்று சலித்துக்கொள்வேன். அட்டாளைச்சேனை கல்வியியற் கல்லூரியில் படித்த காலத்தில் விடுமுறைக்கு வந்தாலும் முதல் வேலை அதுதான். 2016இல் அவர் மௌத்தாகும் வரைக்கும் அது நிற்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முதல் எஞ்சினைக் கழற்றிப் பார்த்தபோதுதான் விளங்கியது. சிலிண்டர் சுவர்களில் கறள் பிடிக்கவில்லை. பிஸ்டன் ஒன்றும் இறுகவில்லை. உப்புக்குள் கிடந்த எஞ்சினைப் பன்னிரண்டு வருடம் அந்த நாலடித் தள்ளல்தான் காப்பாற்றியிருக்கிறது.

உடம்புதான் போயிருந்தது. இந்தக் காருக்குத் தனிச் செஸி கிடையாது. கதவுகளுக்குக் கீழே பெட்டி போல ஓடும் தகரம்தான், சில் என்பார்கள், அதன் முதுகெலும்பு. அது கறள் தின்றால் கார் நடுவில் வளையும், கதவு பூட்டுப்படாது. அப்படியே வெட்டி எடுத்தால் இன்னும் மோசம். கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் வைத்துப் பிணைத்த பிறகுதான் பழைய சில்லில் கை வைக்க வேண்டும். இதை எனக்குக் காட்டித் தந்தவர் காரைதீவில் டிங்கரிங் வேலை செய்யும் அண்ணன் ஒருவர். 1990க்கு முதல் அவரும் வாப்பாவும் ஒரே கராஜில் வேலை செய்தவர்கள். அந்த வருடத்துக்குப் பிறகு இருவரும் வேறு வேறு ஊரில், வேறு வேறு கராஜில். நான் போய் யாருடைய மகன் என்று சொன்னதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். கூலி பற்றிப் பேச விடவில்லை.

எஞ்சின் சாமான்களுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தை. மைனர் சாமான் இருக்கிற கடைகளில் கேஸ்கட், ரிங், தண்ணீர் பம்ப் எல்லாம் கிடைத்தது. 2002இல் நம் நாட்டில் ஈயம் கலந்த பெற்றோல் நின்றுபோனது. பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் ஈயமில்லாத பெற்றோல் எக்ஸோஸ்ட் வால்வு இருக்கையை மெல்ல மெல்லத் தின்னும். அதனால் கடினமான வளையம் இறுக்கிய ஹெட்தான் போட்டோம்.

பிறகு டியூனிங். எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் வால்வு இடைவெளி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 12 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு. அடுத்து பொயின்ட் 15 தௌ, பிளக் 25 தௌ. பிறகு டைமிங். இதெல்லாம் சரியான பிறகுதான் காபரேட்டரில் கை வைக்கலாம். அநேகமானோர் தலைகீழாகச் செய்வோம், எது பிழைத்தாலும் முதலில் காபரேட்டரைத் திருகுவோம்.

இரண்டு காபரேட்டரும் ஒரே அளவு காற்று இழுக்க வேண்டும். ஒரு துண்டு ரப்பர் குழாய் போதும். ஒரு முனை காதில், மறுமுனை காபரேட்டர் வாயில். இரண்டிலும் 'உஸ்' என்ற சத்தம் ஒரே மாதிரிக் கேட்கும் வரைக்கும் திருப்ப வேண்டும். பிறகு உள்ளே இருக்கும் பிஸ்டனை ஒரு மயிரிழை தூக்கிப் பார்க்க வேண்டும். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம். தடுமாறி நின்றுபோனால் பெற்றோல் குறைவு. லேசாகக் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. இது தெரியாமல் போய் முதல் புகைப் பரிசோதனையில் தவறினேன். இப்படிச் சரி செய்து இரண்டாவது முறை போனேன், பாஸ். சான்றிதழ், காப்புறுதி, வருவாய் அனுமதிப்பத்திரம் எல்லாம் கைக்கு வந்தன.

இனித்தான் என் பிழை.

ஆரம்பத்திலேயே அண்ணன் சொன்னார்: "ஓடுறத்த மறுகா பாப்பம் தம்பி. முதல்ல நிக்கிறத்தப் பாருங்க." நான் தலையாட்டினேன். ஆனால் காசு பெயின்டுக்குப் போனது, குரோம் பம்பருக்குப் போனது. இந்தக் காரில் முன் சில்லுகளுக்கு நாலு, பின் சில்லுகளுக்கு இரண்டு, மொத்தம் ஆறு பிரேக் சிலிண்டர். முன் நாலையும் புதிதாக வாங்கினேன். பின் இரண்டையும் எமரித் தாளால் தேய்த்து, புது ரப்பர் மட்டும் போட்டு மாட்டிவிட்டேன். மிச்சப்பட்டது ஒரு பம்பர் காசுகூட இல்லை. அண்ணனுக்கும் சொல்லவில்லை.

அனுமதிப்பத்திரம் வந்த மறுநாள் மகளைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு போனேன். ஏழு வயது. துணிக் கூரையை மடித்துவிட்டுப் போகிறோம், பாதையோரம் எல்லோரும் கை காட்டுகிறார்கள். காரைதீவுச் சந்திக்குச் சற்று முன்னால் மாடு ஒன்று குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். மிதி அடிவரை போனது. மறுபடி மிதித்தேன். ஒன்றுமே இல்லை.

கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். ஒரு பக்கச் சில்லு மட்டும் பிடித்தது, கார் சுழன்று பாதையோர மணலுக்குள் ஏறி நின்றது. முன்னால் இரண்டு முழத்தில் மீன் பெட்டி கட்டிய சைக்கிள். சைக்கிள்காரர் ஏசினார். அவர் ஏசியதில் ஒரு சொல்லும் கூடுதல் இல்லை. மகள் அழவில்லை. வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றுவதற்கு முதல் உம்மாவிடம் சொல்லிவிட்டாள். அன்றிரவு எங்கள் வீட்டில் நடந்ததை இங்கே எழுதத் தேவையில்லை.

அண்ணன் வந்து பின் சில்லின் டிரம்மைக் கழற்றினார். உள்ளே பிரேக் ஒயில் வடிந்து லைனர் நனைந்திருந்தது. சிலிண்டருக்குள் உப்பு தின்ற ஒரு குழி, அரிசி மணியில் பாதி. எமரித் தாளால் மினுக்கலாம், குழியை நிரப்ப முடியாது. இந்தக் காலத்துக் கார்களில் பிரேக் இரண்டு சுற்றாகப் பிரிந்திருக்கும், ஒன்று போனாலும் மற்றது நிறுத்தும். 1962இல் ஒரே சுற்று. ஒரு சில்லில் ஒழுகினால் நாலு சில்லுக்கும் பிரேக் இல்லை.

அண்ணன் ஏசவில்லை. துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, "இது ஆருக்குச் செஞ்ச வேல தம்பி? பாக்கிறவங்களுக்கா, ஏறுறவங்களுக்கா?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

தொழில்நுட்பப் பாடம் படிப்பிக்கிறவன் நான். வகுப்பில் பாதுகாப்பு என்று கரும்பலகையில் எழுதிக் கோடும் போடுகிறவன். யாருக்கும் தெரியாமல் மாதம் ஒருமுறை எஞ்சினுக்கு ஒயில் விட்ட மனிதனின் மகன், எல்லோருக்கும் தெரிகிற பம்பருக்குக் காசு கொடுத்துவிட்டுத் தெரியாத சிலிண்டரில் மிச்சம் பிடித்தேன். அல்லாஹ் அன்றைக்கு எங்களைக் காப்பாற்றினான். அல்ஹம்துலில்லாஹ்.

பிறகு நாலு மாதம் கார் ஓடவில்லை. பின் சிலிண்டர்கள், ஹோஸ்கள், உலோகக் குழாய்கள், லைனர் எல்லாம் புதிது. வெறும் மைதானத்தில் 20, 40, 60 கிலோமீட்டர் வேகத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். ஒரு பக்கம் இழுக்காமல் நேராக நின்ற பிறகுதான் அண்ணன் சிரித்தார். கடந்த வெள்ளிக்கிழமைதான் கார் மீண்டும் பாதைக்கு வந்தது. ஏறுவதற்கு முதல் மகள் கேட்டாள்: "பிரேக் பாத்தாச்சா வாப்பா?" பார்த்துக் காட்டினேன். பிறகுதான் ஏறினாள்.

எனவே விலை கேட்டவர்களுக்கு: கார் விற்பனைக்கு இல்லை.

நம் பிள்ளைகள் ஓடும் மோட்டார் சைக்கிள்களில் சைலன்சர் மாற்றக் காசு இருக்கிறது, பிரேக் லைனர் மாற்றக் காசில்லை. அவர்களை ஏச எனக்கு உரிமை இல்லை, நானும் அதைத்தான் செய்தேன். வரும் சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் கொட்டிலுக்கு வாருங்கள். அண்ணனும் வருவார். பிரேக்கைக் கழற்றிப் பார்த்து, பூட்டித் தருவோம். காசு வேண்டாம். வருகிறவர்கள் வாப்பாவுக்கும் மாமிக்கும் ஒரு துஆ கேளுங்கள், அது போதும்.