அரிசி டிரம்மும் நெல்லுக் குதிரும்

நாலு நாளா எங்க பக்கம் நல்ல மழை. நிலத்துல கால் வைக்க முடியல, அதனால எழுத நேரம் கிடைச்சிருக்கு. இந்த முறை பயிர் பத்தி இல்லை, சோறு பத்தி. அதுவும் ஜிம்முக்குப் போறவங்க சாப்பிடுற சோறு பத்தி. விவசாயிக்கு இதுல என்ன வேலைன்னு கேக்காதீங்க, விஷயம் இருக்கு.

எங்க அண்ணன் பையனுக்கு 28 வயசு. ஒரகடத்துல கார் உதிரிபாகக் கம்பெனியில வேலை. சனி, ஞாயிறு திருத்தணிக்கு வந்துடுவான். அண்ணனுக்கு 15 வருஷமா சக்கரை. மூணு வருஷம் முன்னாடி கால்ல புண்ணு வந்து ரெண்டு விரலை எடுத்துட்டாங்க. அதைப் பக்கத்துல இருந்து பார்த்தவன் இவன். போன வருஷம் கம்பெனி பரிசோதனையில இவனுக்கும் மூணு மாச சராசரி சக்கரை 6.1னு வந்துச்சு. 5.7க்கு மேல போனாலே எச்சரிக்கைதான், 6.5 வந்தா சக்கரை நோய். அன்னிக்கே ஜிம்முல சேர்ந்துட்டான். அழகுக்காக இல்லை, பயந்து போய்.

அங்க இருந்த பயிற்சியாளர் ஒரு சாப்பாட்டு முறை சொல்லிக் கொடுத்திருக்காரு. சில நாள் மாவுச்சத்து ரொம்பக் கம்மி, சில நாள் நடுத்தரம், சில நாள் தாராளம். மாத்தி மாத்தி சாப்பிடணும். கார்ப் சைக்கிளிங்னு அதுக்குப் பேரு. முதல் வாரமே ரெண்டு கிலோ இறங்கிட்டான். ரெண்டாவது மாசம் பார்த்தா, 80 கிலோ கம்பியைத் தோள்ல வெச்சு எட்டு தடவை உக்காந்து எழுந்தவன் மூணாவது தடவைக்கே கால் நடுங்கி நிக்கிறான். ஒரு செவ்வாய்க்கிழமை கண்ணு இருட்டிக்கிட்டு வந்து, பக்கத்துல இருந்தவங்க கம்பியைப் பிடிச்சிருக்காங்க.

"சித்தப்பா, உடம்பு இளைக்குது, பலமும் சேர்ந்து போகுது. எனக்கு ரெண்டும் வேணுமே"ன்னான்.

சென்னையில ஒரு உணவியல் அம்மாவைப் போய்ப் பார்த்தான். அவங்க விளக்கினதை வீட்டுல வந்து சொன்னப்போ எனக்கு எங்க பழைய வீடுதான் ஞாபகம் வந்துச்சு. அந்த வீட்டுல தானியம் ரெண்டு இடத்துல இருக்கும். சமையல்கட்டுல அரிசி டிரம், உள் அறையில நெல்லுக் குதிர். திடீர்னு பத்து பேர் வந்தா டிரம்லதான் கை வைக்க முடியும். குதிர்ல மூட்டை மூட்டையா இருந்தாலும் அதை அவிச்சு, காய வெச்சு, குத்தித்தான் உலையில போட முடியும்.

உடம்புலயும் அப்படித்தானாம். கொழுப்புதான் குதிர். அதுல பல மாசத்துக்குச் சரக்கு இருக்கும், ஆனா மெதுவாத்தான் வெளிய வரும். அரிசி டிரம் கிளைகோஜன். சாப்பிட்ட மாவுச்சத்தை உடம்பு சேத்து வெக்கிறது அது. தசையில சுமார் 400, 500 கிராம், கல்லீரல்ல ஒரு 100 கிராம், அவ்வளவுதான் கொள்ளும். ஒவ்வொரு கிராமும் மூணு கிராம் தண்ணியையும் கூடப் பிடிச்சு வெச்சிருக்கும். இவன் முதல் வாரம் இளைச்ச ரெண்டு கிலோவுல பெரும்பகுதி அந்தத் தண்ணிதான்.

கிருத்திகை அன்னிக்கு எங்க மலைக்கு வந்து பாருங்க. காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடாம 365 படியையும் ஏறுற வயசான அம்மாக்கள் எத்தனையோ பேர். உக்காந்து உக்காந்து மெதுவா ஏறுவாங்க. அது பெரும்பாலும் குதிர் பார்த்துக்கிற வேலை. ஆனா அதே விரதத்தோட 75 கிலோ நெல்லு மூட்டையை முதுகுல வாங்கி லாரி லாரியா ஏத்தச் சொன்னா முடியாது. அந்த வேலைக்கு டிரம் நிறைஞ்சிருக்கணும்.

ஒரே ஒரு தடவை தூக்கிப் போடுறது வேற. எங்க வேலூர் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014ல கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில 77 கிலோ பிரிவுல மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினாரு. 2018ல கோல்ட் கோஸ்ட்ல 317 கிலோ தூக்கி மறுபடியும் தங்கம். போட்டியில ஒரு தூக்கு சில நொடியில முடிஞ்சிடும். அதுக்கு தசையிலயே தயாரா ஒரு சின்ன இருப்பு இருக்காம். ஆனா ஜிம்முல பத்து, பன்னண்டு தடவையா நாலைஞ்சு சுத்து தூக்குறவனுக்கு டிரம் கரையும்.

இவன் கதையில சிக்கல் எங்கன்னா, கிழமையில. செவ்வாய் முருகனுக்கு விரதம், அதனால அது கம்மி சாப்பாட்டு நாள். திங்களும் கம்மி நாள். ஜிம்முல கால் பயிற்சி வர்றதோ செவ்வாய்க்கிழமை. தாராளமா சாப்பிடுற சனி, ஞாயிறு வீட்டுல படுத்துத் தூங்குறான். எங்க ஊர்ல மாட்டுக்குக் கூட அப்படி வெக்க மாட்டோம். உழவு நாள்ல தவிடு, பிண்ணாக்கு கூடுதலா வெப்போம். சும்மா கட்டியிருக்கிற நாள்ல வைக்கோல் போதும்.

அந்த அம்மா மாத்தச் சொன்னது இவ்வளவுதான். கால், முதுகுப் பயிற்சி வர்ற நாளும் அதுக்கு முந்தின ராத்திரியும் மாவுச்சத்து தாராளமா. பயிற்சிக்கு ரெண்டு, மூணு மணி நேரம் முன்னாடி அதுல ஒரு பங்கு. ஓய்வு நாள், நடக்கிற நாள்தான் கம்மி நாள். கம்மி நாள்ல கொழுப்பையும் சேத்துக் குறைக்கக் கூடாது. இவன் முட்டை வெள்ளைக் கருவும் தோலில்லாத கோழியும் மட்டும் தின்னு, மொத்தச் சாப்பாடே பத்தாம கிடந்திருக்கான். அப்புறம் உப்பு. மாவுச்சத்து குறைஞ்சா சிறுநீர்ல உப்பும் தண்ணியும் கூடுதலாப் போகும், தலை சுத்தும். இவனுக்கு ரத்த அழுத்தம் இல்லாததால, கம்மி நாள்ல உப்பு போட்ட மோர் குடிக்கச் சொன்னாங்க. இராத்திரி ஷிப்ட் முடிஞ்ச காலையில கனமான கம்பி வேண்டாம்னாங்க.

இன்னொண்ணு பட்டணத்து ஆளுங்களுக்காகச் சொல்றேன். இவன் கம்மி நாள்ல சோத்துக்குப் பதிலா களி தின்னான், "சிறுதானியம்தானே"ன்னு. நகரி, புத்தூர் பக்கம் சங்கட்டிம்பாங்க, நாங்க கேவுரு களிம்போம். 100 கிராம் கேவுரு மாவுல 70 கிராம் கிட்ட மாவுச்சத்துதான். அரிசியை விடக் கொஞ்சம்தான் கம்மி. நார்ச்சத்து உண்டு, சுண்ணாம்புச்சத்து 300 மில்லிகிராமுக்கு மேல உண்டு, நல்ல சாப்பாடு. ஆனா அது உழைக்கிற நாளைக்கான சாப்பாடு. கரும்பு வெட்டுற ஆளுங்க களி தின்னது இளைக்கிறதுக்கு இல்லை. கம்மி நாளைக்கு முட்டை, மீன், கீரை, அளவா வேர்க்கடலை சரி.

சக்கரைக்கு மாத்திரை, ஊசி போடுறவங்க இதைப் படிச்சிட்டு நீங்களா ஆரம்பிக்காதீங்க. மாவுச்சத்து குறைஞ்ச நாள்ல அதே அளவு மருந்து போட்டா சக்கரை ஒரேயடியா இறங்கி ஆபத்தாயிடும். சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தம் இருக்கிறவங்களும் டாக்டரைக் கேட்டுட்டுத்தான் செய்யணும். எங்க அண்ணன் கிட்டயும் அதையேதான் சொல்லி வெச்சிருக்கோம்.

கிழமையை மாத்தி ஆறு வாரத்துல பையன் பழைய 80 கிலோவுக்குத் திரும்பிட்டான். எடை இறங்குறது மெதுவாத்தான் இருக்கு, மாசம் ஒரு கிலோ. செவ்வாய் விரதத்தை விடல, கால் பயிற்சியைத்தான் வியாழனுக்குத் தள்ளிட்டான். போன மாசம் பரிசோதனையில 5.6 வந்துச்சு. அந்தத் தாளை எங்க அண்ணன் சட்டைப் பையில மடிச்சு வெச்சுக்கிட்டு, டீக்கடையில கேக்காதவங்களுக்கும் எடுத்துக் காட்டிக்கிட்டு இருக்காரு.