என் மருமகள் தாதியான கதை

எங்கள் வீட்டில் ஒரு பிறந்தநாள் உண்டு. அதனை நாங்கள் கொண்டாடுவதில்லை. என் மருமகள் பிறந்த அன்றே அவளைப் பெற்ற என் தமக்கையார் காலமானார். ஐப்பசியில் வரும் அவருடைய திதியும் பிள்ளையின் பிறந்தநாளும் சில ஆண்டுகளில் ஒன்றாகவும், சில ஆண்டுகளில் முன்பின்னாகவும் வரும்.

1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு, வலிகாமத்துச் சனங்களோடு நாங்களும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது எனக்கு வயது பதினைந்து. நிறைமாதமாயிருந்த அக்காவைச் சைக்கிள் கரியரில் இருத்தி, ஐயாவும் நானும் மாறி மாறி உருட்டிச் சென்றோம். சில நாட்களின் பின் தென்மராட்சியில் ஒரு வைத்தியசாலையிலே பிரசவம் சுகமாக நடந்தது. அப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள். குழந்தை பிறந்து ஒரு மணித்தியாலம் சென்றபின் அம்மா விறாந்தைக்கு வந்து, "பிள்ளைக்கு இரத்தம் நிக்கேல்லை" என்று கடமையிலிருந்த தாதியிடம் சொன்னார். "பிள்ளை பெத்தால் இரத்தம் போகுந்தானே, அம்மா" என்று விடை வந்தது. அம்மா மூன்று முறை சொன்னார். மூன்றாம் முறை அவர் குரல் உயர்ந்தபோது, சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிறார்களே என்ற வெட்கத்தினால், "கத்தாதேங்கோ அம்மா" என்று தடுத்தவன் நான். விடியுமுன் அக்கா போய்விட்டார்.

அந்தத் தாதியை நான் குறைகூறேன். ஊரே வந்து படுத்திருந்த விடுதியில் அவர் ஒருவர்தான் நின்றார். எப்போது உறங்கினாரோ, உண்டாரோ, யாரறிவார்?

பின்னாளில் பட்டம் பெற்று ஒரு கல்லூரியில் உயிரியல் கற்பிக்கலானேன். அம்மம்மாவின் மடியில் வளர்ந்த மருமகளும் உயிரியலே படித்தாள். 2014 ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையில் மருத்துவபீடம் அவளுக்கு மயிரிழையில் தவறியது. இன்னுமொரு முறை எழுதும்படி வற்புறுத்தினேன். அவளோ தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பித்துவிட்டு வந்து நின்றாள். "டொக்டராக வேண்டிய பிள்ளை தாதி வேலைக்குப் போறதோ?" என்று நான் கோபித்தேன், படித்தவன் வாயிலிருந்து வரத்தகாத வார்த்தைதான். அவள் அமைதியாகச் சொன்னாள்: "மாமா, அம்மா செத்தது டொக்டர் இல்லாமலோ? அம்மம்மா சொன்னதைக் கேக்க ஆளில்லாமல்."

அன்று நான் வாய் திறக்கவில்லை. "கத்தாதேங்கோ" என்று நான் சொன்னதை அம்மா அவளுக்குச் சொல்லியிருந்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் துணிவில்லை.

1930 களின் தொடக்கத்தில் இலங்கையில் 1,000 பிரசவங்களுக்கு ஏறக்குறைய 20 தாய்மார் மாண்டனர்; இப்போது அத்தொகை 1,00,000 பிரசவங்களுக்கு 30 அளவிற்கு இறங்கியுள்ளது. 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையும், வீடுவீடாய் நடந்த மருத்துவமாதரும், இலவச வைத்தியசாலைகளும் சேர்ந்து செய்த வேலை அது. வகுப்பிலே இக்கணக்கை மகிழ்வோடு சொல்வேன். வீட்டில் சொல்ல வாய் வராது.

பயிற்சிக் காலத்தில் விடுமுறைக்கு வந்தபோது அவள் எனக்கு ஒரு பாடம் நடத்தினாள். அம்மாவின் பழைய சேலையொன்றைக் கிழித்து, குங்குமம் கரைத்த நீரை அதன்மேல் ஊற்றி, "எவ்வளவு இருக்கும், மாமா?" என்றாள். "இருநூறு மில்லிலீற்றர்" என்றேன். ஊற்றியதோ 500. பிரசவத்தின் பின் போகும் இரத்தத்தைக் கண்ணால் மதிப்பிடுவோர் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுவர் என்றும், 500 ஐத் தாண்டினால் அபாயம் என்று கொள்ளவேண்டும் என்றும், நனைந்த துணியை நிறுத்துப் பார்த்தாலே உண்மை தெரியும் என்றும் விளக்கினாள். கருப்பையைத் தடவி இறுகச் செய்வதும், ஒட்சிரோசின் ஊசியும் காலத்தோடு கிடைத்தால் பலர் பிழைப்பர். 2023 இல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றியும் பின்பு சொன்னாள்: கென்யா, நைஜீரியா, தன்சானியா, தென்னாபிரிக்கா ஆகிய நாடுகளின் 80 வைத்தியசாலைகளில், அளவுகோடு இட்ட பிளாஸ்ரிக் விரிப்பில் இரத்தத்தை ஏந்தி அளந்து, உடனே எல்லாச் சிகிச்சைகளையும் சேர்த்துச் செய்ததால், கடும் இரத்தப்போக்கு முதலியன 60 வீதம் குறைந்தனவாம். இருபதாண்டு உயிரியல் கற்பித்த நான் கருப்பையின் படத்தைக் கண்ணை மூடிக்கொண்டும் வரைவேன். துணியை நிறுக்கவேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இப்போது அவள் ஒரு பிரசவ விடுதியில் கடமையாற்றுகிறாள். கூட்டங்களில் எழுந்துநின்று தராசு கேட்பாளாம். ஆள் போதாது என்று கடிதம் எழுதுவாளாம். வாயாடி என்ற பெயரும் கிடைத்திருக்கிறது. அப்பெயரை அவள் சொல்லும்போது குரலில் சிறிது பெருமை இருக்கும்.

சென்ற ஐப்பசித் திதிக்கு அவளுக்கு இரவுக் கடமை, வர இயலவில்லை. காலையில் தொலைபேசியில் பேசினாள். மகளுக்கு ஏதோ சரியில்லை என்று ஒரு கிழவி விடுதி வாசலில் நின்று முணுமுணுத்தாராம். இவள் அவரை உள்ளே அழைத்து, கதிரை கொடுத்து, என்ன கண்டீர்கள் என்று கேட்டாளாம். துணியை நிறுத்துப் பார்த்தார்களாம். தாயும் சேயும் சுகம்.

தொலைபேசியை அம்மாவின் காதருகே பிடித்திருந்தேன். படையலுக்கு வாழையிலை துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. சிறிதுநேரம் பேசாதிருந்த அம்மா, "அந்த மனிசிக்கு ஒரு தேத்தண்ணியாவது குடுத்தனியோ, பிள்ளை?" என்று கேட்டார்.