கைப்பேசி கைவிட்டுப் போனால்

பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவர்களின் கைப்பேசிக்குப் பிற ஊர்களில் அதிகம் காணப்படாத ஒரு வியாதி உண்டு. அது பஞ்சினால் வருவது. கட்டிங் மேஜையிலிருந்தும் ஓவர்லாக் யந்திரத்தின் கத்தியடியிலிருந்தும் பிரிந்து காற்றில் மிதக்கும் மெல்லிய இழைகள், சட்டைப் பைக்குள்ளும் இடுப்பிலுள்ள பர்ஸுக்குள்ளும் நுழைந்து, சார்ஜ் ஏற்றும் துவாரத்தில் சிறிது சிறிதாகப் படிந்து, ஒவ்வொரு முறை பின்னைச் செருகும்போதும் உள்ளே அழுத்தப்பட்டு, சில மாதங்களில் கெட்டித்துப் போகின்றன. அதன்பின் எத்தனை நல்ல சார்ஜரைப் போட்டாலும் போன் அசைந்து கொடுப்பதில்லை. அது செத்தேவிட்டது என்று முடிவுகட்டி, புதியது வாங்கப் பணத்துக்கு எங்கே போவது என்ற வியாகுலத்தோடு ரிப்பேர் கடைக்கு வருகிறவர்கள் திருப்பூரில் அநேகர். காதர்பேட்டைப் பக்கத்துக் கடை ஒன்றில், கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிய ஓர் இளைஞர் அப்படி அடைத்திருந்த பஞ்சை ஊசி முனையால் நெம்பி எடுத்து வெள்ளைத் தாளின்மேல் வைத்ததை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அடியில் கருநீலம், அதன்மேல் சாம்பல், மேற்புறம் ரோஜா நிறம். எந்த ஆர்டருக்குப் பின் எந்த ஆர்டர் அந்தச் செக்‌ஷனில் ஓடிற்று என்பது அந்தத் துணுக்கில் வரிசையாகத் தெரிந்தது. அதை எடுத்ததும் போனில் சார்ஜ் ஏறத் தொடங்கியது. அவர் வாங்கிய கூலி ஒரு டீயும் வடையும் சாப்பிடும் தொகைதான்.

பழைய போனை இழந்தவர் புதியதைத் தேர்ந்தெடுக்கும் காரியத்தைப் பற்றி நான் சிந்திக்கத் தலைப்பட்டது அந்த மேஜையருகே நின்றபோதுதான். புதுப்பொருள் வாங்குவது சந்தோஷமான விஷயம் என்று விளம்பரங்கள் ஓயாமல் சொல்கின்றன. ஆயினும் இவ்வூர்க் கடைகளில் நான் கண்டவர்களில் பலர் ஆசைப்பட்டு வந்தவர்களல்லர். டவுன் பஸ் நெரிசலில் பறிகொடுத்தோ, படிக்கட்டில் தவறவிட்டோ, சனிக்கிழமைச் சம்பளத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, திங்கட்கிழமை ஷிப்டுக்குள் ஏதாவது ஒன்று இருந்தாக வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தோடு வந்தவர்கள். அந்த அவசரத்தில் விற்பவர் எடுத்து நீட்டும் முதல் பெட்டியே வாங்குகிற பெட்டியாகிவிடுகிறது.

இந்த நிர்ப்பந்தம் நெடுங்காலமாக இருந்ததன்று. 1995 ஜூலை 31ஆம் தேதி மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியதே நம் நாட்டின் முதல் கைப்பேசி உரையாடல். வருகிற அழைப்புக்கும் காசு கொடுக்க வேண்டியிருந்த நிலைமை 2003இல்தான் நீங்கிற்று. தேனியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் இங்கே பிழைக்க வந்தவர்கள் அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் எஸ்.டி.டி. பூத்தின்முன் வரிசையில் நின்று, ஊரில் போன் உள்ள வீட்டுக்காரரிடம், "அம்மாவைக் கொஞ்சம் கூப்பிட்டு வைங்க, திரும்பப் பேசுறேன்" என்று சொல்லிவிட்டுக் காத்துக் கிடந்தார்கள். அதே 2003இல் வெளிவந்த நோக்கியா 1100, தூசி புகாத விசைகளும் ஒரு டார்ச்சும் கொண்டு, உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது. பஞ்சு பறக்கும் இடத்துக்கென்றே செய்தாற்போலிருந்த அந்தப் பட்டன் போன் கீழே விழுந்தால் மூடி ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம் சிதறும். பொறுக்கிச் சேர்த்தால் மறுபடி பேசும். அது தொலைந்தாலும் தொலைந்தது ஒரு பேசுங்கருவி மட்டுமே.

2016 நவம்பரில் பழைய ரூபாய் நோட்டுகள் செல்லாதவையான பிறகு, கவரில் போட்டுக் கொடுத்த சம்பளம் பல கம்பெனிகளில் வங்கிக் கணக்குக்கு மாறிற்று. அவ்வாண்டிலேயே ஜியோவும் யு.பி.ஐ.யும் வந்து சேர்ந்தன. வருங்கால வைப்புநிதிப் பணத்தை எடுக்க ஓ.டி.பி., ஆதாரில் ஒரு திருத்தம் செய்ய ஓ.டி.பி., காஸ் பதிவு செய்யவும் அந்த எண்ணே. 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் ஒடிசாவுக்கும் பீகாருக்கும் திரும்ப விரும்பியவர்கள் ரயிலுக்கு இணையத்தில் பதிய வேண்டியிருந்தபோது, கையில் போன் இல்லாதவர் போன் உள்ளவரின் தயவை நாடி நின்றார். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவியபோது, திருப்பூரின் விடுதி அறைகளுக்கு அச்சத்தைக் கொண்டுவந்ததும் போன்தான். "நாங்கள் க்ஷேமமாக இருக்கிறோம்" என்று வீட்டாருக்கு முகத்தைக் காட்டித் தைரியம் சொல்ல உதவியதும் அதுவே.

ஆகையால் போன் போனவுடன் முதலில் மீட்க வேண்டியது எது என்ற விஷயத்தில் தொழிலாளிகளுக்குப் படித்தவர்களைவிடத் தெளிவு அதிகம். செக்கிங் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண்மணி அந்த ரிப்பேர் கடை இளைஞரிடம் சொன்னார்: "போன் போனாப் போகுது தம்பி, அந்த நம்பரு எப்படியாச்சும் வேணும். பி.எஃப்., பேங்கு எல்லாம் அதுலதான் இருக்குது." அவரோ, "அக்கா, மொதல்ல ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டு, சிம்மு வாங்கிட்டு வாங்க. போனு நாளைக்குப் பாத்துக்கலாமுங்க" என்றார். விற்பனையை ஒரு நாள் தள்ளி வைத்த அந்தப் பிள்ளையின் யோக்கியதையை நான் மனமாரப் போற்றுகிறேன். அவர் சொன்னதில் நியாயத்தோடு விவேகமும் இருந்தது. மாற்று சிம் வேலை செய்யத் தொடங்கிய பிறகும் மோசடியைத் தடுக்கும் பொருட்டு 24 மணி நேரம் குறுஞ்செய்தி நிறுத்தி வைக்கப்படுகிறது. அன்றிரவே அவசரப்பட்டு டச் போன் வாங்கினாலும் வங்கியின் ஓ.டி.பி. வரப்போவதில்லை. யாரிடமாவது ஒரு பழைய பட்டன் போனை இரவல் வாங்கி சிம்மைப் போட்டுக்கொண்டால், நிதானமாகத் தேர்ந்தெடுக்க ஒரு நாள் கிடைத்துவிடுகிறது. சொந்த மாநிலத்து எண்ணை ஆதாரோடு இணைத்திருக்கும் ஒடியாக்காரருக்கு இதிலும் கஷ்டம் அதிகம். அந்த எண்ணுக்கு மாற்று சிம் பெறுவது இங்கிருந்தபடி எளிதல்ல.

காவல் நிலையத்தில் எழுதிக் கொடுப்பது வீண் அலைச்சல் என்ற அபிப்பிராயம் இன்னும் பலரிடம் உண்டு. அது இப்போது பொருந்தாது. 2023 மே மாதம் முதல் நாடு முழுமைக்கும் விரிவாக்கப்பட்ட, மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், புகாரின் நகலையும் போனின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் கொடுத்தால், அந்தக் கருவி எல்லா நிறுவனங்களின் வலையிலும் முடக்கப்படுகிறது. வேறு சிம்மைப் போட்டு எவராவது உபயோகிக்க முயன்றால் போலீசாருக்குத் தகவல் போகிறது. இவ்வாறு மீட்ட போன்களை உரியவர்களை அழைத்துக் காவல் துறையினர் ஒப்படைக்கும் செய்தி தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது. சிக்கல் அந்த 15 இலக்கங்களில்தான். அவை போன் வந்த பெட்டியில் அச்சாகியிருக்கும். பத்துக்குப் பத்து அறையில் பலர் சேர்ந்து தங்கும் இடத்தில் பெட்டியை யார் பத்திரப்படுத்துகிறார்கள்? *#06# என்று அழுத்தினால் திரையில் தோன்றும் அந்த எண்ணை வங்கிப் பாஸ்புக்கின் பின்னட்டை உட்பக்கத்தில் எழுதி வைக்கும்படி நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் வற்புறுத்துகிறேன்.

இனித் தேர்ந்தெடுக்கும் விஷயம். துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு முறை தேய்த்து, இது 160 ஜி.எஸ்.எம். எடை, இது 180 என்று சொல்லக்கூடியவர்கள் வாழும் ஊர் இது. துவைத்தால் எவ்வளவு சுருங்கும், சாயம் நிற்குமா, இழை உருண்டு பிசிர் தட்டுமா என்று கேட்டறியாமல் இங்கே எவரும் துணி எடுப்பதில்லை. அப்பேர்ப்பட்ட தேர்ச்சியுள்ள கட்டிங் மாஸ்டர், போன் கடையில் கேமராவின் எண்ணை மட்டும் கேட்டுவிட்டுப் பணத்தை எடுத்து நீட்டுவதைப் பார்க்க எனக்கு வருத்தமாயிருக்கிறது. துணியிடம் கேட்கிற கேள்விகளைப் போனிடமும் அவர் கேட்கலாகாதா? கண்ணாடி உடைந்தால், திரையும் கண்ணாடியும் சேர்ந்த காம்போ என்ன விலை, அது நம் தெருக் கடையிலேயே கிடைக்குமா? ஓ.எல்.இ.டி. திரையென்றால், அதிலும் ஓரம் வளைந்த கண்ணாடியென்றால், மாற்றும் செலவு மலிவான போனின் விலையையே எட்டிவிடக்கூடும். பாதுகாப்புப் புதுப்பிப்பு எத்தனை வருஷம் வரும்? யந்திர இரைச்சலில் மணி காதில் விழுமா? ஐ.பி. என்ற எழுத்துகளுக்குப் பின்வரும் இரண்டு இலக்கங்களில் முதலாவது தூசிக்கானது, இரண்டாவது தண்ணீருக்கானது என்பதைக் கடைக்காரர்களே பலர் சொல்வதில்லை. பஞ்சு பறக்கும் ஊரில் முதல் இலக்கத்தையல்லவா முதலில் பார்க்க வேண்டும். 68 என்று போட்டிருந்தாலும் அது உள்ளுறுப்புகளுக்குத்தான் காப்பு. சார்ஜ் துவாரம் திறந்தே கிடப்பதால் பஞ்சு அடையத்தான் செய்யும், ஊசி முனையின் தேவையும் இருந்துகொண்டேதான் இருக்கும்.

விலையைவிட விலை கொடுக்கும் முறையே எனக்கு அதிகக் கவலை தருகிறது. இங்கே பீஸ் ரேட்டுக்காரர்களின் வரவு வாராவாரம். அதுவும் ஆர்டர் உள்ள வாரத்தில் ஒன்றரை ஷிப்டு, இல்லாத வாரத்தில் வெறும் கை. இ.எம்.ஐ.யோ மாதத்தின் குறித்த தேதியில் கணக்கிலிருந்து தானே எடுத்துக்கொள்ளப்படுவது. அந்தத் தேதியில் கணக்கில் பணமில்லாவிட்டால் வங்கி ஒரு அபராதமும் கடன் கொடுத்தவர் ஒரு அபராதமும் போடுகிறார்கள். தவணை தவறினால் போனையே முடக்கிவிடும் செயலியை உள்ளே ஏற்றி விற்கிறவர்களும் உண்டு. கடனைக் கட்டுவதற்கான கூலி வந்து சேர்ந்ததா என்று பார்க்க வேண்டிய கருவியையே பூட்டி வைப்பதை நியாயமென்று ஒப்புக்கொள்ள என் மனம் இடந்தரவில்லை. இரண்டு மூன்று மாதம் பட்டன் போனோடு பொறுத்துக்கொண்டு, சேர்ந்த தொகைக்கு ரொக்கமாக ஒரு சாதாரணப் போனை வாங்குவதே உத்தமம்.

பழைய போன் வாங்குவதில் இழுக்கு ஒன்றுமில்லை. ஏற்றுமதியில் தள்ளுபடியான செகண்ட்ஸ் பனியனைக் காதர்பேட்டையில் வாங்கிப் போய் ஊரெங்கும் விற்றுக் கௌரவமாக வாழும் குடும்பங்கள் எத்தனையோ. அங்கே எந்தத் துணியில் என்ன குறை என்று விற்பவரே சொல்வார். பழைய போனில் குறையைச் சொல்ல ஆளில்லாததால் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்: பில்லும் பெட்டியும் கேட்க வேண்டும், கே.ஒய்.எம். என்ற ஆங்கில எழுத்துகளோடு ஐ.எம்.இ.ஐ. எண்ணைச் சேர்த்து 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அது முடக்கப்பட்ட கருவியா என்பது தெரிந்துவிடும். இன்னொரு தொழிலாளியின் பறிபோன போன் நம் கைக்கு மலிவாக வந்து சேராதிருக்க இந்த ஒரு குறுஞ்செய்தி அவசியம்.

இவ்வளவையும் வாங்குகிறவர் தலையிலேயே சுமத்துவது தர்மமாகாது. நாம் தைத்தனுப்பும் பனியனைப் பிரித்துப் பார்த்து, ஏ.க்யூ.எல். 2.5 என்று குறைகளுக்கு அளவு வைத்து, அதைத் தாண்டினால் சரக்கைத் திருப்புகிற ஐரோப்பா, தன் மக்கள் வாங்கும் போனுக்கும் 2025 ஜூன் 20 முதல் அப்படியே அளவு வைத்திருக்கிறது: பேட்டரி 800 முறை ஏற்றி இறக்கிய பிறகும் எண்பது சதவீதச் சக்தியோடு இருக்க வேண்டும், விற்பனை நின்று ஏழு ஆண்டுகள்வரை உதிரி உறுப்புகள் கிடைக்க வேண்டும், ஐந்தாண்டுகளாவது புதுப்பிப்பு வர வேண்டும், எவ்வளவு எளிதில் பழுதுபார்க்கலாம் என்பதைக் காட்டும் சீட்டும் கூடவே வர வேண்டும். பழுதுபார்க்கும் எளிமைக்கு இத்தகைய அளவுகோல் இந்தியாவிலும் வேண்டுமென்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அமைத்த குழு 2025இல் தன் அறிக்கையைக் கொடுத்திருக்கிறது. அந்தச் சீட்டு இங்கே நடைமுறைக்கு வரும்போது, அது ஆங்கிலத்தில் மட்டும் அச்சாகிவிடக் கூடாது. தமிழிலும் ஒடியாவிலும் இந்தியிலும், காம்போவின் விலையும் பேட்டரியின் விலையும் ரூபாயில் போட்டு, சனிக்கிழமை சாயங்காலம் அவசரமாகக் கடைக்குள் நுழைகிறவர் நின்றபடியே படித்துத் தெரிந்துகொள்ளும் அளவுக்குப் பெரிய எழுத்தில், பெட்டியின் முகப்பிலேயே ஒட்டப்பட வேண்டும்.